நீ அடித்த கோலும் சகாயத்தின் காலும்

ஜெனிசுக்கு அம்மா எழுதுவது.

நேற்று நீ போனில் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதிலேயே இருக்கிறது. "சகாயத்துக்கு இனி ஓட்டம் வராதும்மா. நா திரும்புனதப் பாத்தே விழுந்துட்டான். அவனயெல்லாம் எதுக்கு ஸ்டாப்பரா நிறுத்துதாவ" என்று சொல்லிச் சிரித்தாய். கூடவே, இனிமேல் இந்த ஊரில் கால் வைக்கப் போவதில்லை என்றும் சொன்னாய். நான் "சரி மக்கா, வைக்கேன்" என்று போனை வைத்துவிட்டேன். உனக்குப் பதில் சொல்லத் தெரியாமல் வைக்கவில்லை. சொல்ல ஆரம்பித்தால் அழுகை வந்து நடுவில் நின்றுபோகும், பாதி கேட்டுவிட்டு நீ மீதியை உன் இஷ்டத்துக்கு நினைத்துக்கொள்வாய் என்று பயந்தேன். எழுதினால் கடைசி வரை சொல்லலாம். இதை உனக்கு அனுப்புகிற கையோடு நம் ஊர் கால்பந்து அணியின் வாட்ஸ்அப் குழுவிலும் போடப் போகிறேன். உன்னை அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். என்னை எடுக்கவில்லை. ஜெர்சி தைப்பது நான்தானே, அளவு கேட்க நான் வேண்டுமே. நீயும் அவர்களும் ஒரே வார்த்தைகளைப் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இப்படிச் செய்கிறேன். உனக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என்று இரண்டு விதமாகப் பேசியது போதும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ டவுன் கிளப்புக்குப் போனது தப்பு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. விளையாட்டோடு ஒரு வேலையும் தருகிறார்கள். காலையில் ஆற்றங்கரையில் ஓடுகிறாய், சாயங்காலம் புல் தரையில் ஆடுகிறாய். அடிபட்ட முட்டியை வைத்துக்கொண்டு கடலோரம் நம் கடப்புறத்து மணலில் எத்தனை காலம் ஆட முடியும். அப்பாவும் அதைத்தான் சொன்னார். ஆனால் நீ போன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. எல்லோரும் பயிற்சிக்குக் கூடியிருந்த நேரத்தில், வள்ளியூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, குழுவில் ஒரு குரல் பதிவு அனுப்பினாய். "நா டவுன் கிளப்புக்குப் போறேன், எல்லாரும் மன்னிச்சிருங்க." அவ்வளவுதான். மைதானத்தின் நடுவில் ஒரே போனைச் சுற்றி நின்று அதைக் கேட்டார்களாம். ஒருவன் மட்டும் சரியாகக் கேட்கவில்லை என்பதுபோல் அதைத் திரும்பவும் போட்டானாம். உன் கூட்டாளி சகாயம் வந்து சொன்னான். சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியாது. தெரிய வேண்டாம் என்று அப்பா சொன்னார், நானும் மறைத்தேன். ஊருக்குத் திரும்புகிற விலக்கில் இருந்த அணியின் ஃப்ளெக்ஸில் உன் முகத்தை மட்டும் பிளேடால் அறுத்து எடுத்திருந்தார்கள். மற்ற எல்லோரும் சிரித்துக்கொண்டு நிற்க, நடுவில் உன் கழுத்துக்கு மேலே ஓட்டை. அதன் வழியாகப் பின்னால் சுற்றுகிற காற்றாலைக் காற்றாடி தெரிந்தது. ஏலக் கூடத்தில் அப்பாவைப் பார்த்து, "மவனுக்கு நல்ல வெல கெடச்சிருக்கும்லா" என்று கேட்டார்கள். அப்பா மீன் கூடையைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாராம். நம் வள்ளத்தில் கடலுக்கு வந்துகொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் வேறு வள்ளத்துக்குப் போய்விட்டார்கள். ஒருவர் முதுகுவலி என்றார், இன்னொருவர் அதுகூடச் சொல்லவில்லை. சகாயம் மட்டும் வழக்கம்போல விடிகாலையில் வந்து வாசலில் நின்றான். அவனையும் கேலி செய்தார்கள். அவன் வந்துகொண்டேதான் இருந்தான். எல்லோரும் கெட்டவர்கள் என்று எழுத மாட்டேன். "நம்ம பையன் எங்க ஆடுனா என்ன, நம்ம ஊர் பேருதான வரும்" என்று பூசை முடிந்து வரும் வழியில் என் கையைப் பிடித்துச் சொன்னவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் மெதுவாகச் சொன்னார்கள். மற்றவர்கள் சத்தமாகச் சொன்னார்கள்.

வியாகுல மாமா ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. உன்னை முதன்முதலாகத் திருநெல்வேலிக்கு அணித் தேர்வுக்குக் கூட்டிக்கொண்டு போனது அவர்தான். தான் ஓட்டுகிற ஐஸ் கம்பெனி வண்டியில், ஐஸ் பெட்டிக்கு மேலே உன்னை உட்காரவைத்துக்கொண்டு போனார். நீ இறங்கும்போது கால்சட்டை நனைந்து, மற்ற பையன்கள் சிரித்தார்கள் என்று அழுதுகொண்டு வந்தாய். அடுத்த தடவை அவர் தன் வேட்டியை மடித்து உனக்கு அடியில் போட்டார். அம்பாசமுத்திரத்தில் நீ கோப்பை வாங்கிய நாளில் லோடு ஆட்டோவில் ஊர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தவர் அவர். உன் வலது முட்டி போனபோது நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் அப்பாவோடு சேர்ந்து டாக்டர் அறைக்குள் போனவரும் அவர்தான். ஊர் அணிக்குப் பின்னால் அலைகிற இவர்களை எல்லாம் நீ பைத்தியங்கள் என்கிறாய். இருக்கலாம். ஆனால் நீ ஆடிய ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அந்த மனிதர் வேலையை விட்டுவிட்டு வந்தார். உன் குரல் பதிவு வந்த நாளிலிருந்து நம் தெரு வழியாகப் போவதையே நிறுத்திவிட்டார். ஐஸ் வண்டியை மாதா கெபிப் பக்கமாகச் சுற்றி ஓட்டினார்.

திருவிழாக் கோப்பைக்கு டவுன் கிளப்பும் பெயர் கொடுத்திருக்கிறது, செமி பைனலில் நம் ஊரோடு மோத வேண்டும் என்று தெரிந்ததும் ஊர் வேறு மாதிரி ஆகிவிட்டது. கொடியேற்றத்துக்குத் தோரணம் கட்டுகிறவர்கள்கூட அதைப் பற்றித்தான் பேசினார்கள். ஆட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம் ஜெர்சி வாங்க வந்தார்கள். கேப்டன், சகாயம், இன்னும் ஒருவன், பின்னால் வியாகுல மாமா. அவர் நம் வீட்டு வாசலை மிதித்து எத்தனையோ நாளாகியிருந்தது. நான் உள்ளறையில் கடைசி ஜெர்சிக்கு எண் தைத்துக்கொண்டிருந்தேன். உன் எண்தான். அதை யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. "முடிஞ்சிரும், உக்காருங்க" என்று உள்ளே இருந்தபடியே சொன்னேன். அவர்கள் முன்னறையில் உட்கார்ந்தார்கள். தையல் மிசின் ஓடுகிற சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைத்துப் பேச ஆரம்பித்தார்கள்.

"ஆரம்பத்துலயே அவன் வெளிய போயிரணும்லே" என்றார் வியாகுல மாமா. "பொறவு ஆட்டம் நம்ம கையில."

"எப்பிடி மாமா?" என்று கேப்டன் கேட்டான்.

"வலது முட்டி. இன்னொரு அடி விழுந்தா அதோட முடிஞ்சுதுன்னு டாக்டரு சொன்னத நா என் காதால கேட்டிருக்கேன். சகாயம், நீதான அவன்கூட நிப்ப. ஒரு தடவ போதும். பந்துக்குப் போன மாதிரி போயிரு."

அந்த நேரத்தில் ஊசியில் நூல் அறுந்துவிட்டது. நான் மிசினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் கேட்டுவிட்டேன் என்று தெரிந்துவிடும். நூல் இல்லாமலே மிதித்துக்கொண்டிருந்தேன். ஊசி வெறும் துணியைக் குத்திக்கொண்டே போனது. சகாயம் என்ன சொல்லப் போகிறான் என்று காத்திருந்தேன். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பிறகு நூலைக் கோத்து, எண்ணைத் தைத்து முடித்து, மடித்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். வியாகுல மாமா வாங்கிக்கொண்டு, "நல்லா இருக்கு தங்கச்சி" என்றார்.  

அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் அரிவாளை எடுத்துக்கொண்டு போயிருப்பார், திருவிழா நேரத்தில் ரத்தம் விழுந்திருக்கும். உனக்குப் போன் போட்டேன். நினைவிருக்கிறதா, என்னைப் பேசவே விடாமல், "அம்மா, நாளைக்குப் பாருங்க, அத்தன பேர் வாயயும் அடைக்கேன்" என்றாய். சொன்னால் நீ வராமல் இருக்கப் போவதில்லை. பயந்து ஆடுகிற ஆட்டத்தில்தான் முட்டி போகும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தேன். நான் செய்தது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு கடப்புறத்துக்குப் போனேன். சகாயம் வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்து வலை பார்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"கேட்டுட்டியளா சித்தி?"

"கேட்டேன். நீ என்ன செய்யப் போற மக்கா?"

"பைய பேசுங்க" என்றான். வலையில் ஒரு கண்ணியை இழுத்து முடிச்சுப் போட்டான். "நா நிக்க மாட்டேன்னு சொன்னா வேற ஒருத்தன நிறுத்துவாவ. அவன் என்ன செய்வான்னு எனக்குத் தெரியாது."

"நீ என்ன செய்வேன்னு உனக்குத் தெரியுமா?"

"அங்கன போய்தான் தெரியும். நீங்க யார்ட்டயும் ஒண்ணும் சொல்லிராதிய."

எனக்கு ஒரு வாக்குறுதி வேண்டியிருந்தது. அவன் தரவில்லை. அவனும் இந்த ஊர்க்காரன்தான், அவனுக்கும் உன்மேல் கோபம் இருந்தது. குரல் பதிவு குழுவுக்கு வருவதற்கு முன்னால் தனக்கு ஒரு வார்த்தை வரும் என்று அவன் எதிர்பார்த்திருப்பான் அல்லவா. சின்ன வயதிலிருந்து நீ பந்தைக் கொண்டுபோகப் பின்னால் காவல் நின்றவன். அந்த வலையைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குத் திரும்பினேன். இவன் அடித்தாலும் அடிப்பான் என்றுதான் அன்று நினைத்தேன்.

ஆட்டத்துக்கு நான் எப்போதும் வருவதில்லை, உனக்குத் தெரியும். அன்று வந்தேன். கோயில் மதிலோரம் பெண்களோடு நின்றேன். அப்பா எதிர்ப்புறம் தனியாக நின்றார். அவரைச் சுற்றி ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். நீ வேறு நிற ஜெர்சியில் இறங்கியதும் மைதானம் முழுக்க ஓர் இரைச்சல் எழுந்தது. உன் பெயரைச் சொல்லிக் கத்திய அதே வாய்கள்தான். உன் காலுக்குப் பந்து வந்தபோதெல்லாம் அந்த இரைச்சல் வந்தது. யாரோ ஒரு பழைய செருப்பைக் கம்பில் கட்டி ஆட்டினார்கள். என் பக்கத்தில் நின்றவள், நான் யார் என்று தெரிந்தும், நீ விழுந்து கிடக்க வேண்டும் என்று மாதாவை வேண்டினாள். நான் உன்னைப் பார்க்கவில்லை. சகாயத்தின் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். தொடக்கத்தில் இரண்டு மூன்று தடவை அவன் உன் அருகில் வந்தான், தோளை மட்டும் கொடுத்துவிட்டுப் போனான். வியாகுல மாமா கோட்டுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பிறகு அந்த நீளமான பந்து வந்தது. நீ அதை மார்பில் வாங்கி, வலது காலை ஊன்றித் திரும்பினாய். சகாயம் பின்னாலிருந்து முழு ஓட்டத்தில் வந்தான். "லே சகாயம்" என்று வியாகுல மாமா ஒரே ஒரு தடவை கூப்பிட்டார். நான் கண்ணை மூடவில்லை. அவன் கால் நீண்டுவிட்டது, ஜெனிஸ். நான் பார்த்தேன். உன் முட்டிக்கு நேராக நீண்டுவிட்டது. அந்த ஓட்டத்தில் அதை நிறுத்த முடியாது. அவன் நிறுத்தவில்லை, மடக்கினான். தன் காலைத் தனக்கு அடியிலேயே மடக்கிக்கொண்டு, அதன் மேலேயே விழுந்தான். மணல் எழும்பியது. நீ அவனைத் தாண்டிப் போய்க் கோல் அடித்தாய். அடித்துவிட்டு வியாகுல மாமாவுக்கு எதிரே போய் நின்று உதட்டில் விரலை வைத்தாய். திரும்பி வரும்போது, இன்னும் எழுந்திருக்காமல் கிடந்த சகாயத்தைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தாய். அதற்குப் பிறகு அவன் நொண்டிக்கொண்டே ஆடினான். நீ சொல்கிறாயே, ஓட்டம் வரவில்லை என்று, அது இதுதான்.

நம் ஊர் தோற்று ஆட்டம் முடிந்ததும், தண்ணீர் பாட்டில்கள் பறக்க, ஊர்க் கமிட்டி ஆட்கள் சுற்றி நின்று உங்களை வேனில் ஏற்றினார்கள். வேன் போன பிறகு அந்தக் கூட்டம் எங்கே போனது என்று உனக்குத் தெரியாது. சகாயத்திடம் போனது. "எவ்வளவுலே வாங்குன?" என்று கேட்டார்கள். "கூட்டாளிக்குக் கோல வித்துட்டாம்டே" என்றார்கள். அவன் ஜெர்சியைப் பிடித்து இழுத்துக் கழற்றினார்கள். நான் தைத்த தையல் தோளில் பிரிந்தது. அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எல்லோரும் வியாகுல மாமா பக்கம் திரும்பியிருப்பார்கள். அவன் சொல்லவில்லை. வெறும் உடம்போடு, உன் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். கணுக்காலில் எலும்பு விரிசல் விட்டிருக்கிறது. கட்டுப் போட்டிருக்கிறார்கள். கடலுக்குப் போக முடியாது. அவனை அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். குழுவில் அவனைப் பற்றி வருகிற குரல் பதிவுகளை நீ கேட்க வேண்டாம்.

அவன் அம்மா ஒருநாள் காலையில் நம் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "ஒம் மவனும் எம் மவனும் பேசி வச்சுக்கிட்டாவளா? நீயாவது சொல்லு. பேசி வச்சிருந்தாலும் பரவால்ல, எனக்குத் தெரியணும்" என்றாள். தன் பிள்ளையைத் தானே சந்தேகப்படுகிற தாயை அன்றுதான் பார்த்தேன். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்போது அப்பாவும் இருந்தார், அவரும் முதல் தடவையாக அதைக் கேட்டார். அவர் எழுந்து கடப்புறத்துக்குப் போனார். அன்றிலிருந்து பிடிக்கிற மீனில் சகாயத்தின் பங்கை எடுத்து அவன் வீட்டில் வைத்துவிட்டுத்தான் நம் வீட்டுக்கு வருகிறார்.

நான் ஐஸ் கம்பெனிக்குப் போனேன். வியாகுல மாமா ஐஸ் கட்டியை உடைத்துக்கொண்டிருந்தார். "அண்ணே, அன்னைக்கு எங்க வீட்டுல நீங்க பேசுனதெல்லாம் நான் கேட்டேன்" என்றேன்.

அவர் கையை நிறுத்தினார். "நீ மிசினுல்லா ஓட்டிக்கிட்டு இருந்த."

"நூல் இல்லாம ஓட்டினேன்."

அவர் ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். "ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்லா தங்கச்சி. நா என்ன தடுக்கவா போறேன். நானே வண்டியில கொண்டு போயி விட்டிருப்பேன்" என்றார்.

"அதுக்கு முட்டியா அண்ணே?"

அவர் உடைந்த ஐஸ் துண்டுகளைக் காலால் தள்ளினார். "சகாயத்து மேல விழுந்த பழிய நீங்கதான் எடுக்கணும்" என்றேன். "எப்பிடி எடுக்க? எடுத்தா நா சொன்னதயும் சொல்லணும்லா" என்றார். "ஆமா, சொல்லணும்" என்றேன். அவர் மறுபடியும் எழுந்து ஐஸை உடைக்க ஆரம்பித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு சொல்வார் என்று எதிர்பார்த்தேன். பூசைக்கே வரவில்லை.

அதனால்தான் எழுதுகிறேன். சகாயம் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றான், அதை மீறுகிறேன். நம் வள்ளத்தைத் தள்ள இன்னும் ஆள் குறையலாம். எனக்குத் தையல் தருகிற வீடுகளும் குறையலாம். பரவாயில்லை என்று அப்பா சொல்லிவிட்டார். ஆனால் ஒருவரின் பெயரை எழுதிவிட்டு அவருக்குத் தெரியாமல் அனுப்ப மனம் வரவில்லை. இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு இன்று காலையில் வியாகுல மாமா வீட்டுக்குப் போய், அவரைப் பற்றிய இடங்களை எல்லாம் வாசித்துக் காட்டினேன். வேட்டியை மடித்துப் போட்டதை வாசித்தபோது முகத்தைத் துடைத்துக்கொண்டார். டாக்டர் சொன்னதை வாசித்தபோது தரையைப் பார்த்தார். முடித்ததும், "பேர எடுத்துரவா அண்ணே, ஊர்ல ஒருத்தர்னு போட்டுக்கிடலாம்" என்று கேட்டேன். "வேண்டாம். அப்பிடியே இருக்கட்டும்" என்றார். வாசல் வரை வந்து, "போட்டுரு தங்கச்சி. என்னால வாயத் தொறந்து சொல்ல முடியல" என்றார்.

ஜெனிஸ், உன்னை அடிக்கிறவர்கள் உன் கண்ணுக்குத் தெரிவார்கள். அடிக்காமல் விட்டவன் தெரியமாட்டான். நீ இன்னும் பெரிய கிளப்புகளுக்குப் போவாய். அங்கேயும் கையெழுத்து வாங்குவார்கள், அங்கேயும் ஒருநாள் செருப்பைக் கட்டுவார்கள். எங்கிருந்து கிளம்பினாலும் அங்கே உன்னோடு ஆடியவர்களின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கிளம்பு. அவர்கள் திட்டினால் நின்று வாங்கிக்கொள். அதைச் செய்ய உனக்கு அன்றைக்குத் துணிச்சல் இல்லை. அந்தத் துணிச்சல் இல்லாததற்குச் சகாயம் கட்டுப் போட்டுக்கொண்டு கிடக்கிறான்.

இந்த வாரம் வா. டவுன் பையன்களோடு வேனில் வேண்டாம், வள்ளியூர் வந்து நம் ஊர் பஸ்ஸில் வா. பகலில் வா, எல்லோரும் பார்க்கட்டும். விலக்கில் இறங்கினதும் நம் வீட்டுக்குத் திரும்பாதே. டீக்கடையைத் தாண்டி, மைதானத்தைத் தாண்டி, நேராகச் சகாயம் வீட்டுக்குப் போ. வழியில் கத்துவார்கள். சிலர் ஏதாவது எறியவும் செய்யலாம். ஓடாதே, நட. அவன் உன்னோடு பேசுவான் என்று நான் சொல்லவில்லை. கதவைத் திறப்பானா என்றே தெரியாது. திறக்கும் வரை நில். அப்பாவும் நானும் பஸ் நிற்கிற இடத்தில் இருப்போம். நீ இறங்குவதைப் பார்த்ததும் நாங்கள் வீட்டுக்குப் போய்விடுவோம். கூட வரமாட்டோம்.

அம்மா